ஏன் கட்டினாய், எவ்வளவு சம்பாதிக்கிறாய்? பிரிட்டனின் வாழ்க்கைத்துணை விசா

பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொள்ளும் உரிமையைப் பெரும்பாலான ஜனநாயக நாடுகள் ஒப்புக்கொள்கின்றன. கட்டியவரோடு சொந்த ஊரில் குடித்தனம் நடத்தும் உரிமையை அப்படி ஒப்புக்கொள்வதில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பி மாலை மாற்றிக்கொள்கிறவர்களுக்கு, விசா விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் விஷயம் புரிகிறது. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டது. எல் சால்வடோர் நாட்டுக்காரர் ஒருவரைக் குற்றக் கும்பலோடு தொடர்புடையவர் என்று கருதித் தூதரக அதிகாரி விசா மறுத்தார். அவருடைய மனைவி அமெரிக்கக் குடிமகள். தன் உரிமை பறிபோனதாக வழக்குத் தொடுத்தார். வெளிநாட்டுத் துணையை நாட்டுக்குள் அனுமதிக்கச் செய்யும் அடிப்படை உரிமை எதுவும் ஒரு குடிமகளுக்கு அரசியல் சட்டத்தில் இல்லை என்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

இந்தக் கேள்வியை முழுதாகப் பார்க்க அமெரிக்காவைவிட பிரிட்டனே நல்ல இடம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே துணைவர் விசா விதிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் யாரை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்பது பளிச்சென்று தெரிகிறது. பெரும்பாலும் தெற்காசியர்களைத்தான். இந்த வரலாற்றை இரண்டு கேள்விகளாகச் சுருக்கலாம். முதல் காலத்தில் அதிகாரி கேட்டது, 'ஏன் கட்டினாய்?' இரண்டாம் காலத்தில் கேட்பது, 'எவ்வளவு சம்பாதிக்கிறாய்?' முதல் கேள்வி விசா கேட்டு வந்தவரை நோக்கியது. இரண்டாவது, உள்ளேயே இருக்கும் குடிமகனை நோக்கியது. விசா விதி என்றால் வெளிநாட்டுக்காரருக்கான விதி என்றுதான் எண்ணுகிறோம். இன்று அது சொந்தக் குடிமக்களைத் தரம் பிரிக்கும் விதியாகிவிட்டது என்பதே என் எண்ணம்.

1962 காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் வரும்வரை இந்தியர்களும் இலங்கையரும் பிரிட்டனுக்குத் தடையின்றிப் போனார்கள். சட்டம் வந்த பிறகும் ஏற்கெனவே குடியேறியவர்களின் மனைவி மக்களுக்கு வழி திறந்தே இருந்தது. கணவன்மார் கதை வேறு. 1969 ஜனவரியில் உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் காலகன், பிரிட்டனில் வாழும் மனைவியிடம் காமன்வெல்த் கணவர்கள் வந்து சேர்வதைக் கட்டுப்படுத்தினார். ஆண் வந்தால் வேலைக்குப் போட்டியாக வருவான், பெண் வந்தால் வீட்டில் இருப்பாள்; கணவன் இருக்கும் இடமே மனைவியின் இடம். பாட்டிமார் வாயிலிருந்து வந்தால் நாம் வியப்படைய மாட்டோம். லண்டன் அமைச்சகம் அதையே கொள்கையாக வைத்திருந்தது. 1974ல் உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் இந்தத் தடையை நீக்கினார். நீக்கியது நெடுநாள் நிலைக்கவில்லை.

பெண்களுக்கு வழி திறந்திருந்தது என்றேன். அந்த வழியில் என்ன நடந்தது என்பது 1979 பிப்ரவரியில் வெளியே வந்தது. கல்யாணம் செய்துகொள்ள ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கிய இந்திய ஆசிரியை ஒருவரை, அவர் ஏற்கெனவே மணமானவரா என்று அறிய மருத்துவரை வைத்துக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார்கள். மூன்று மாதத்துக்குள் மணமுடிக்க வரும் பெண்ணுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை, மனைவியாக வருபவருக்குத் தேவை. அந்தச் சிறு விதி வேறுபாட்டைக் காக்கத்தான் இந்தப் பரிசோதனை. கார்டியன் நாளிதழ் செய்தி வெளியிட்டதும் நிறுத்தினார்கள். எங்கோ ஓர் அதிகாரி வரம்பு மீறிவிட்டார் என்பதுபோல விஷயம் முடிந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அரசுக் கோப்புகளைத் தேடிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், எழுபதுகளில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் தூதரக அலுவலகங்களிலும் இது நடந்ததையும், குறைந்தது 80 பெண்கள் இதற்கு ஆளானதையும் 2011ல் வெளிக்கொண்டுவந்தார்கள்.

1980ல் மார்கரெட் தாட்சரின் அரசு கொண்டுவந்த விதியை வழக்கறிஞர்கள் 'முதன்மை நோக்கம்' என்ற பெயரில் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனுக்குள் நுழைவதே இந்தக் கல்யாணத்தின் முதன்மை நோக்கம் அல்ல என்று வருங்காலக் கணவர் நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிப்பது எப்படி? கல்யாணம் போலி என்று அதிகாரி சொல்லத் தேவையில்லை. கல்யாணம் உண்மை, சேர்ந்து வாழும் எண்ணமும் உண்மை, ஆனாலும் நோக்கம் சரியில்லை என்று மறுக்கலாம். இரண்டும் தனித்தனிச் சோதனைகள் என்று 1985ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புதல் முத்திரை குத்தியது. கைக்குழந்தையோடு இருந்த தம்பதிகளும் இந்த விதியில் மாட்டினார்கள்.

டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் டாக்காவிலும் நேர்காணல் நடந்த விதம் தனிக் கதை. உங்கள் வழக்கப்படி பெண்தானே புகுந்த வீடு போவாள், நீங்கள் ஏன் பெண் இருக்கும் ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். வீட்டோடு மாப்பிள்ளையைக் கேலி பேசும் நம் ஊர்ப் பழக்கத்தை வெள்ளைக்கார அதிகாரி சட்ட வாதமாக மாற்றிக்கொண்டார். அங்கே நல்ல வேலை கிடைக்கும் என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால் முடிந்தது. அதுவே மறுப்புக்கான காரணம். அவள் அங்கே பிறந்து வளர்ந்தவள், இங்கே வந்து வாழச் சிரமப்படுவாள் என்றாலும் தப்பிக்க முடியாது. அப்படியானால் பிரிட்டனில் குடியேறுவது என்று முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் கட்டினீர்களா என்று அடுத்த கேள்வி வரும். பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணத்தில் காதல் இருந்ததற்குச் சான்று கேட்டார்கள். தாலி கட்டிய பிறகு அன்பு வளர்ந்தது என்று காட்டினால் சில நேரம் எடுபடும் என்று வழக்குகள் வழியே ஒரு வழி பிறந்தது. உடனே கடிதக் கட்டுகளும் தொலைபேசி ரசீதுகளும் நீதிமன்ற ஆவணங்களாயின. புதுமணத் தம்பதி ஒருவருக்கொருவர் எழுதியதை மூன்றாம் மனிதர் படித்து, இதில் பாசம் போதுமா என்று எடைபோட்ட காலம் அது.

1980 விதிகளில் இன்னொரு பிரிவும் இருந்தது. கணவரை அழைக்க வேண்டுமானால் மனைவி பிரிட்டனில் பிறந்த குடிமகளாகவோ, பெற்றோரில் ஒருவராவது அங்கே பிறந்தவராகவோ இருக்க வேண்டும். மனைவியை அழைக்கும் ஆணுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சட்டப்படி பிரிட்டனில் குடியேறி வாழ்ந்த மூன்று பெண்கள் இதை எதிர்த்து ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1985 மே 28ல் தீர்ப்பு வந்தது. இனப் பாகுபாடு என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. பால் பாகுபாடு என்பதை ஏற்றார்கள். ஆணுக்கு ஒரு விதி பெண்ணுக்கு ஒரு விதி கூடாது.

பெண்கள் வென்றார்கள். அரசு தீர்ப்பை எப்படி நிறைவேற்றியது என்பதில்தான் இருக்கிறது சூது. பெண்களின் நிலையை ஆண்களின் நிலைக்கு உயர்த்தவில்லை. அதுவரை கணவர்களுக்கு மட்டும் இருந்த முதன்மை நோக்கச் சோதனையை மனைவிகளுக்கும் நீட்டியது. இருவருக்கும் சமமான கஷ்டம், ஆகவே பாகுபாடு ஒழிந்தது! உரிமை வழக்குகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் பெரிய வெற்றியாகவே குறிப்பிடுகிறார்கள். அதே ஆண்டில் மறுக்கப்பட்ட மனைவிகளிடம் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

1997 ஜூனில், டோனி பிளேர் ஆட்சிக்கு வந்து ஒரு மாதம் கழிந்த நிலையில், உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா முதன்மை நோக்க விதியை நீக்கினார். அடுத்த பதினைந்து ஆண்டுகள் ஒப்பீட்டளவில் எளிதானவை. அரசு உதவித்தொகையை நம்பாமல் குடும்பம் நடத்த முடியும் என்று காட்டினால் போதும். உறவினர் தரும் உதவியையும் கணக்கில் கொள்ளலாம் என்று 2009ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இடையில் வேறு பக்கமிருந்து வேலிகள் எழுந்தன. கட்டாயக் கல்யாணத்தைத் தடுக்கிறோம் என்று 2008ல் இருவருக்கும் வயது 21 ஆக வேண்டும் என்றார்கள். அந்த விதியில் முதலில் சிக்கி வழக்காடியவர்களில் ஒரு ஜோடி, யாரும் கட்டாயப்படுத்தாமல் காதலித்து மணந்த பிரிட்டிஷ் பெண்ணும் சிலி நாட்டு இளைஞரும். 2011ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. வயது மீண்டும் 18 ஆனது. 2010 நவம்பர் முதல், வருவதற்கு முன்பே அடிப்படை ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. அது நிலைத்துவிட்டது.

2012 ஜூலை 9ஐ இந்த வரலாற்றின் நடுக்கோடு என்று சொல்லலாம். தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது அன்று வந்த விதி, துணையை அழைக்கும் ஸ்பான்சர் ஆண்டுக்கு 18,600 பவுண்டு சம்பாதிக்க வேண்டும் என்றது. பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாத ஒரு குழந்தை உடன் வந்தால் 22,400. அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 2,400 கூடுதல். நிரந்தர வசிப்புரிமைக்கு இரண்டு ஆண்டுகள் காத்திருந்த இடத்தில் இனி ஐந்து ஆண்டுகள். 18,600 என்பது வானத்திலிருந்து விழவில்லை. வருமானம் சார்ந்த அரசு உதவி ஒரு தம்பதிக்கு ஏறக்குறைய எந்த அளவில் நின்றுபோகும் என்று குடிபெயர்வு ஆலோசனைக் குழு கணக்கிட்டுத் தந்த எண் அது. தாங்கள் பொருளாதாரத்தை மட்டுமே பார்த்தோம், குடும்பத்தைப் பார்க்கவில்லை என்றும் குழு கூடவே எழுதியது. எண்ணை எடுத்துக்கொண்டவர்கள் குறிப்பை விட்டுவிட்டார்கள்.

நடைமுறை நுணுக்கங்களில்தான் ஆள் மாட்டுகிறார். வெளிநாட்டிலிருந்து வரப்போகும் கணவருக்குச் சென்னையில் எவ்வளவு சம்பளம் வந்தாலும் முதல் விண்ணப்பத்தில் அது கணக்கில் வராது. மாமனார் மாதாமாதம் பணம் தருவதாக எழுதிக் கொடுத்தாலும் பொதுவாகப் பயனில்லை. ஒரே முதலாளியிடம் வேலையென்றால் ஆறு மாதச் சம்பளச் சீட்டும், அதே தொகை வரவானதைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும், முதலாளியின் கடிதமும் வேண்டும். மூன்றிலும் எண்கள் ஒத்துப்போக வேண்டும். நடுவில் வேலை மாறியிருந்தால் கணக்கு வேறு வகைக்குப் போய்விடும். பன்னிரண்டு மாத வருமானத்தையும் காட்ட வேண்டிவரும். சொந்தத் தொழில் செய்கிறவர் முழு நிதியாண்டுக் கணக்கைக் காட்ட வேண்டும். வருமானம் இல்லையென்றால் சேமிப்பைக் காட்டலாம். முதல் 16,000 பவுண்டை விட்டுவிட்டு, குறையும் தொகையின் இரண்டரை மடங்கு ஆறு மாதமாகக் கணக்கில் கிடக்க வேண்டும். 18,600 வரம்புக்கு அது 62,500 பவுண்டு. இப்போதைய 29,000 வரம்புக்கு 88,500. அப்படிப்பட்ட சேமிப்பு உள்ளவர் அரசு உதவியைத் தேடி வரிசையில் நிற்பார் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஊனமுற்றோர் உதவித்தொகை, பராமரிப்பாளர் உதவித்தொகை பெறும் ஸ்பான்சர்களுக்கு மட்டும் இந்த வரம்பு பொருந்தாது. அவர்களுக்குப் பழைய மாதிரிச் சோதனையே.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் விண்ணப்பிப்பவர்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்று இணைக்க வேண்டும். கல்யாணச் சான்றிதழும் சிலருக்குத் தலைவலி. கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து போட்டு, பதிவை மறந்தவர்கள் தமிழ்நாட்டில் நிறைய இருந்தார்கள். 2009ம் ஆண்டுச் சட்டம் எல்லாக் கல்யாணத்துக்கும் பதிவைக் கட்டாயமாக்கிய பிறகு நிலைமை மாறியது. ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து எந்த அதிகாரியையும் நம்பவைக்க முடியாது, சான்றிதழ்தான் பேசும்.

சம்பள வரம்பு யாருக்கும் ஒன்றுதானே, அதில் என்ன பாகுபாடு என்று கேட்கலாம். முதன்மை நோக்கச் சோதனையைவிட இது நேர்மையானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மனத்துக்குள் எட்டிப் பார்ப்பதைவிடச் சம்பளச் சீட்டைப் பார்ப்பது மேல். ஆனால் சம்பளம் நாட்டில் சமமாகப் பரவியிருக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குடிபெயர்வு ஆய்வு மையம் 2015ம் ஆண்டு நிலவரத்தை வைத்துக் கணக்கிட்டபோது, வேலையிலிருந்த பிரிட்டிஷ் குடிமக்களில் 41 விழுக்காட்டினர் 18,600ஐ எட்டவில்லை. ஆண்களில் 27 விழுக்காடு, பெண்களில் 55 விழுக்காடு. 1985ல் விதிப் புத்தகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பால் வேறுபாடு, யாரும் எழுதாமலே எண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. லண்டன் சம்பளத்துக்கும் வேல்ஸ் கிராமத்துச் சம்பளத்துக்கும் ஒரே வரம்பு. வீட்டு வாடகை மலிவான ஊரில் இருப்பவர் குறைந்த பணத்தில் நன்றாக வாழ முடியும், ஆனால் அவர்தான் தகுதி இழக்கிறார்.

இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் 2015ல் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 15,000 குழந்தைகள் பெற்றோரில் ஒருவரைப் பிரிந்து 'ஸ்கைப் குடும்பங்களில்' வளர்வதாகச் சொன்னது. பலரும் பிரிட்டிஷ் குடிமக்களான குழந்தைகள். குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் தாய் முழுநேர வேலைக்குப் போக முடிவதில்லை. போகாததால் வரம்பை எட்ட முடிவதில்லை. எட்டாததால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கணவர் வர முடிவதில்லை. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வரம்பு இருப்பது சட்டவிரோதம் அல்ல என்று சொல்லிவிட்டு, குழந்தைகளின் நலனையும் வேறு வருமான வழிகளையும் பார்க்காமல் விட்டது தவறு என்றது. விதியில் ஒரு விலக்குப் பிரிவு சேர்ந்தது. விலக்கின்படி வந்தால் நிரந்தர வசிப்புரிமைக்குப் பத்து ஆண்டுப் பாதை.

வேலி உயர்ந்தால் சந்து தேடுவார்கள். ஐரோப்பாவில் அந்தச் சந்துக்கு ஓர் இந்தியரின் பெயரே நிலைத்தது. சுரிந்தர் சிங் என்பவர் பிரிட்டிஷ் பெண்ணை மணந்து, இருவரும் சில ஆண்டுகள் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அப்படித் திரும்பும் குடிமகளுக்கு ஐரோப்பியச் சட்டமே பொருந்தும், உள்நாட்டுக் குடிவரவு விதி அல்ல என்று 1992ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2012க்குப் பிறகு வருமானம் போதாத பிரிட்டிஷ்காரர்கள் அயர்லாந்துக்கோ ஸ்பெயினுக்கோ போய்ச் சில மாதம் வேலை செய்து, துணையோடு திரும்பி வந்தார்கள். டென்மார்க்கிலும் இதே கதை. 2002ல் அந்நாடு இருவருக்கும் 24 வயது நிரம்ப வேண்டும் என்று விதித்ததும், ஜோடிகள் பாலம் கடந்து ஸ்வீடனின் மால்மோ நகரில் குடியேறி, கோபன்ஹேகனுக்குத் தினமும் வேலைக்குப் போய் வந்தார்கள். சொந்தக் குடிமகனைவிட அண்டை நாட்டு ஐரோப்பியருக்கு அதிக உரிமை இருந்த விநோதம் அது. பிரிட்டனைப் பொறுத்தவரை பிரெக்ஸிட்டோடு இந்த வழி மூடிவிட்டது.

அரசின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பணம் கொடுத்து நடக்கும் போலிக் கல்யாணங்கள் உண்டு. அவற்றை ஏற்பாடு செய்த தரகர்கள் தண்டனை பெற்ற வழக்குகளும் உண்டு. ஆனால் போலிக் கல்யாணத்துக்கு மருந்து விசாரணைதான். சம்பள வரம்பு போலியைப் பிடிப்பதில்லை. நல்ல சம்பளக்காரரின் போலிக் கல்யாணம் அதைச் சுலபமாகத் தாண்டும், துப்புரவுத் தொழிலாளியின் உண்மைக் கல்யாணம் தாண்டாது.

காத்திருப்புக் காலத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கிறது. கல்யாணம் உண்மைதானா என்று பார்க்கத்தான் இந்தத் தவணை என்பார்கள். அந்தத் தவணை முழுக்க, வந்த பெண்ணின் விசா கணவன் கையில் இருக்கிறது. முன்பெல்லாம் அடித்தாலும் வெளியேற முடியாது. வெளியேறினால் நாடு கடத்தல். தொண்ணூறுகளில் சவுத்தால் பகுதியைச் சேர்ந்த 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்' என்ற பெண்கள் அமைப்பு இதற்கு எதிராகப் போராடியதன் விளைவாக, குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் தாமே நிரந்தர வசிப்புரிமை கோரலாம் என்ற சலுகை 1999ல் வந்தது, 2002ல் விதியானது. ஆனால் 2012ல் காத்திருப்பு இரண்டாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டபோது, மிரட்டும் கணவனின் கையும் நீண்டது. விடுமுறைக்கு என்று ஊருக்கு அழைத்து வந்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு மனைவியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் பஞ்சாபில் மட்டும் இல்லை.

ஈழத் தமிழர்களுக்கு இந்த விதிகளில் தனியாக ஒரு முடிச்சு இருந்தது. அகதி அந்தஸ்து பெற்றவர், நாட்டைவிட்டுத் தப்புவதற்கு முன்பே மணமாகியிருந்தால் மனைவியைக் கட்டணமில்லாமல், வருமான வரம்பில்லாமல் அழைக்க முடிந்தது. தப்பி வந்த பிறகு கட்டினால் அது வேறு கணக்கு. லண்டன் மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப முடியாது. பெண் வீட்டார் சென்னைக்கோ திருச்சிக்கோ வர, அங்கே மண்டபம் பிடித்துக் கல்யாணம் நடக்கும். பிறகு பெண் அங்கேயே காத்திருப்பாள். ஐந்தாண்டு அனுமதி மட்டுமே பெற்ற அகதி, பின்னர் கட்டிய துணையை அழைக்கவே முடியாது என்று சில காலம் இருந்தது. 2011ல் அந்த விதியை மாற்றினார்கள். முன்பு கட்டியவர் பின்பு கட்டியவர் என்று பிரித்ததே பாகுபாடு என்று 2012ல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதன்பின் பின்னர் கட்டியவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து சம்பள வரம்பு வரிசையில் நின்றார்கள். 2025 செப்டம்பரில் அகதிகளின் குடும்பச் சேர்க்கைக்கான தனி வழியில் புதிய விண்ணப்பங்கள் நிறுத்திவைக்கப்பட்டதும், முன்பே கட்டியவர்களும் அந்த வரிசைக்கே வந்து சேர்ந்தார்கள்.

வரிசையும் இப்போது நீளம். 2023 டிசம்பரில் அப்போதைய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி வரம்பை 38,700க்கு உயர்த்தப்போவதாக அறிவித்தார். திறன் வேலை விசாவுக்கு வைத்த தொகையை அப்படியே கல்யாணத்துக்கும் ஒட்டியிருந்தார். எதிர்ப்பு கிளம்பியதும் படிப்படியாக உயர்த்துவோம் என்று சொல்லி, 2024 ஏப்ரல் 11ல் 29,000 ஆக்கினார்கள். அந்த மாதம் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு. வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுதும் உழைத்தாலும் 23,795 பவுண்டுதான் வரும். அதாவது சட்டம் வகுத்த கூலியில் முழுநேரம் உழைப்பவருக்கு, அதே சட்டப்படி வெளிநாட்டுத் துணை கிடையாது. கட்டணம் தனி. 2025 ஏப்ரல் விகிதத்தில் முதல் விசாவுக்கு 1,938 பவுண்டு, அதோடு மருத்துவக் கட்டணம் 3,105; இரண்டரை ஆண்டில் நீட்டிப்பு, மறுபடி மருத்துவக் கட்டணம், கடைசியில் நிரந்தர வசிப்புரிமைக்கு 3,029. கூட்டினால் ஆளுக்கு ஏறத்தாழ 12,000. வரம்பை எட்டிப் பிடித்த ஸ்பான்சரின் ஐந்து மாதச் சம்பளம், வரி பிடிப்பதற்கு முன்.

தொழிற்கட்சி ஆட்சி வந்ததும் மேற்கொண்டு உயர்த்துவதை நிறுத்திவிட்டு, அதே ஆலோசனைக் குழுவிடம் மறுபடி கேட்டது. 2025 ஜூனில் வந்த அறிக்கை, 38,700ஐப் பரிந்துரைக்க எந்தக் காரணமும் இல்லை என்றது. தம்பதி தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள 23,000 முதல் 25,000 வரை போதும் என்றது. குழந்தை உள்ளவர்களுக்கு வரம்பை உயர்த்த வேண்டாம் என்றது. எதைத் தேர்வது என்பது கணக்கு அல்ல, அரசியல் முடிவு என்றும் எழுதியது. வரம்பை மாற்றினால் நிகரக் குடிவரவில் வரக்கூடிய வித்தியாசம் 1 முதல் 3 விழுக்காடு அளவில் இருக்கும் என்பது அதன் மதிப்பீடு. அறிக்கை வந்த பிறகும் 2025 இறுதிவரை 29,000 அப்படியே இருந்தது. 2024 ஏப்ரல் 10ல் விண்ணப்பித்த ஜோடிக்கு ஐந்தாண்டு முடியும்வரை பழைய 18,600தான் வரம்பு. ஒரு நாள் தாமதித்து விண்ணப்பித்தவர்களுக்கு 10,400 பவுண்டு அதிகம்.